கூலியும் வேலையின்மையும்: வடமதுரைப் பகுதியை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

மத்தேயு எழுதிய நற்செய்தி நூலின் இருபதாம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டத்து வேலையாட்களைப் பற்றிய உவமை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி நாள் தொட்டு நம்மிற் பலர் கேட்டுப் பழகிய கதை அது. தோட்டத் தலைவன் ஒருவன் விடியற்காலத்தே சென்று, நாளொன்றுக்கு ஒரு பணம் எனப் பேசி ஆட்களை அமர்த்துகின்றான். பின்னர் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி எனப் பலகாற் சென்று கடைவீதியில் நிற்போரை அழைத்து வருகின்றான். பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரமே எஞ்சிய பதினோராம் மணியிலும் அங்கே சிலர் நிற்கக் காண்கின்றான். ஏன் நிற்கின்றீர் என வினவியவிடத்து, எம்மை அமர்த்துவார் ஒருவரும் இலர் என்பதே அவர் கூறிய விடை. இறுதியில் அனைவர்க்கும் ஒரே கூலி கொடுக்கப்பட, முந்தி வந்தோர் முறுமுறுக்கின்றனர்.

இவ்வுவமை விண்ணரசைக் குறித்ததேயன்றிப் பொருளாதார நூல் கற்பிக்க எழுந்ததன்று. அதனை யானும் அறிவேன். ஆயினும் கூலிச்சந்தையைப் பற்றி அறியத்தக்க செய்திகள் மூன்று அதனுள் அடங்கிக் கிடக்கின்றன. சந்தைவெளியில் நிற்போர் சோம்பேறிகள் அல்லர், அமர்த்துவார் இன்மையால் நிற்போர் என்பது ஒன்று. நாள் முழுதும் வேலையின்றி நின்றும், பாதிக் கூலிக்கு வருகின்றேம் என அவருள் ஒருவரும் தோட்டத்து வாயிலுக்குச் சென்று கேட்டதாகக் கதை கூறவில்லை என்பது மற்றொன்று. அயலான் பெற்ற கூலியோடு தன் கூலியை ஒப்பிட்டு நோக்குதல் மனித இயல்பு என்பது மூன்றாவது. இம்மூன்றும் இக்காலத்துப் பொருளாதார அறிஞர் பெரும்பாடுபட்டு ஆராய்ந்து கண்டவற்றோடு எத்துணை ஒத்துள்ளன என்பது பின்னர் விளங்கும்.

தமிழ் பயிலும் மாணவர்க்குப் பொருளாதார நூலில் என்ன வேலை என நண்பர் சிலர் நகைத்தல் கூடும். எங்கள் வீட்டுத் திண்ணை வழக்கே இக்கட்டுரைக்குக் காரணம். எம் பாட்டனார்க்கு வடமதுரைக்கு அருகே கிணற்றுப் பாசனத்தோடு கூடிய மூன்று ஏக்கர் நிலம் உண்டு. எம் அத்தையாரோ நூறு நாள் வேலைக்குரிய அட்டை உடையவர். "நூறு நாள் வேலை வந்ததும் வந்தது, களையெடுக்க ஆளே கிடைக்கவில்லை" என்பார் பாட்டனார். "அது வருவதற்கு முன் என்ன கூலி கொடுத்தீர்கள் அப்பா?" என்பார் அத்தையார். பல ஆண்டுகளாக இவ்வழக்குத் தீர்ந்தபாடில்லை. இருவரும் பொய் சொல்லார். ஆதலின் இருவர் கூற்றிலும் உள்ள உண்மை யாதென ஆராய விழைந்தேன்.

முதற்கண் கூலிச்சந்தை என்பது யாதெனக் காண்போம். அய்யலூரில் வியாழன்தோறும் கூடும் ஆட்டுச்சந்தையைப் போன்றதன்று அது. ஆட்டை விற்பவன் விலை படியாவிடின் ஓட்டிக்கொண்டு வீடு திரும்பி, அடுத்த வாரம் மீண்டும் கொணரலாம். உழைப்பை விற்பவனுக்கு அவ்வாறு செய்தல் இயலாது. இன்று விலைபோகாத உழைப்பு இன்றே அழிந்து போகின்றது. மேலும், உழைப்புக்கு உள்ள தேவை தானாகத் தோன்றுவதன்று. உழைப்பால் விளையும் பொருளுக்கு உள்ள தேவையின் வழியாக வருவது. அவ்வூர்ப் பக்கத்துத் தக்காளிக் காடுகளே இதற்குச் சான்று. தக்காளி விலை மிக வீழ்ந்த நாட்களில், பறித்து வண்டியேற்றும் செலவுக்கும் காணாது எனக் கருதி உழவர் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுதல் உண்டு. அந்நாளில் உழவனுக்கு நேர்ந்தது விலைவீழ்ச்சி. பறிக்கும் பெண்டிர்க்கு நேர்ந்ததோ வேலையிழப்பு. ஒரே அடி இருவர்மேலும் விழுந்தாலும், அவன் கணக்கில் அது நட்டமென எழுதப்படுகின்றது, அவள் கணக்கில் எழுதப்படுவதே இல்லை.

இனி, மழை பொய்த்த ஆண்டில் நிகழ்வது யாது? தேவை குறையின் விலை குறையும் என்பது பொருளாதார நூலின் பாலபாடம். அதன்படி வறட்சிக் காலத்தில் கூலி இறங்கி, இறங்கிய கூலிக்கு எல்லாரும் வேலை பெறுதல் வேண்டும். ஆனால் நாட்டுப்புறத்தில் நிகழ்வது அதுவன்று. சுப்ரீத் கௌர் என்னும் அறிஞர் இந்திய மாவட்டங்கள் பலவற்றின் மழையளவையும் கூலியையும் பல்லாண்டுகளுக்கு ஒப்பிட்டு, 2019இல் வெளியிட்ட ஆராய்ச்சி இதனைத் தெளிவுறக் காட்டுகின்றது. நல்ல மழை பெய்த ஆண்டில் கூலி ஏறுகின்றது. வறட்சியான ஆண்டிலோ இறங்குவதில்லை. நல்ல ஆண்டில் ஏறிய கூலி, மறு ஆண்டு மழை இயல்பு நிலைக்கு வந்த பின்னரும் ஏறியபடியே நிற்கின்றது. கூலி இறங்காமையால் நிலமுடையார் ஆட்களின் தொகையைக் குறைக்கின்றனர். ஆகவே பஞ்சத்தின் அடி கூலிக் குறைவாக வெளிப்படாமல், வேலையில்லா நாட்களாக வெளிப்படுகின்றது. விலைவாசி ஏறுங்காலத்தில் மட்டும், கூலியின் எண் மாறாதிருக்க அதன் மதிப்புக் குறைந்து, வேலையின்மை ஓரளவு தணிகின்றதாம்.

ஏன் கூலி இறங்குவதில்லை? ஒடிசா மாநிலத்துச் சிற்றூர்களில் இவரும் வேறிருவரும் செய்த சோதனை இதற்கு விடை கூறுகின்றது. ஊரில் வழங்கும் கூலியினும் குறைந்த கூலிக்கு வேலையொன்று தருவதாகச் சிலரைத் தனித்து அழைத்துக் கேட்டபோது, ஏற்றுக்கொள்வார் பலர் இருந்தனர். அக்கேள்வியையே அயலார் அறியக் கேட்டபோது ஏற்பார் அரியராயினர். கூலியைக் குறைத்து வேலைக்குச் செல்பவன் ஊரார் அனைவர் வயிற்றிலும் அடிக்கின்றான் என்னும் எண்ணம் அவர்களைக் கட்டுப்படுத்திற்று. எழுதப்பெற்ற சங்கமும் இல்லை, கொடியும் இல்லை. ஆயினும் கட்டுப்பாடு உண்டு. உவமையிற் கண்ட கடைவீதியினர் பாதிக் கூலிக்கு ஓடாமல் நின்றதன் பொருள் இதுதான் போலும்.

கூலி இறங்காத ஊரில் வேலையில்லா நாட்களை நிரப்புவார் யார் என்னும் வினா நம் நாட்டில் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டாக எழுந்து வருகின்றது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை நாம் தாதுவருடப் பஞ்சம் என்கின்றோம். அக்காலத்தில் திண்டுக்கல் மதுரை மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. தனி மாவட்டமாயது 1985இலேயே. பஞ்சத்தின்போது இருப்புப்பாதைகள் இருந்தன. தானியமும் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டு செல்லப்பட்டது. ஆனால் வயலில் வேலையற்ற கூலியாளிடம் அதனை வாங்கக் காசு இல்லை. பஞ்சம் என்பது உணவின்மையினும் வேலையின்மையே என 1880ஆம் ஆண்டுப் பஞ்ச விசாரணைக் குழுவினரே கண்டனர். ஒரு நூற்றாண்டின் பின்னர், 1981இல், அமர்த்தியா சென் தம் நூலில் இக்கருத்தை விரிவாக நிறுவினார்.

அப்பஞ்ச காலத்தில் அரசினர் நிவாரண வேலைகளைத் தொடங்கினர். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டப்பட்ட கால்வாய்ப் பகுதி அவ்வேலைகளுள் ஒன்று. அக்காலத்து ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் என அது வழங்கலாயிற்று. அவ்வேலைகளுக்குக் கூலி எவ்வளவு என்பதில்தான் பெரும் வழக்கு எழுந்தது. 1877ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்திய அரசினரின் பிரதிநிதியாக வந்த ரிச்சர்டு டெம்பிள் என்பார், செலவைச் சுருக்கும் நோக்கத்தோடு, ஆண்மகனொருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமே போதும் என வரையறுத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவினும் குறைந்தது. உடலுழைப்பு உழைக்கும் ஒருவன் அதனைக் கொண்டு உயிர்வாழ்தல் அரிது எனச் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்னும் மருத்துவர் வன்மையாக மறுத்து எழுதினார். பின்னர்க் கூலி உயர்த்தப்பட்டதாயினும், அதற்குள் மாண்டவர் மாண்டனர்.

டெம்பிளின் கருத்தை நாம் கொடுமையென எளிதில் ஒதுக்கிவிடலாகாது. அதன் அடியில் ஒரு கொள்கை இருந்தது; அது இன்றும் மறையவில்லை. நிவாரணக் கூலி சந்தைக் கூலியினும் குறைவாயிருத்தல் வேண்டும். அப்போதுதான் வேறு வழியற்றவர் மட்டுமே வருவர், நிலமுடையார்க்கும் ஆள் தட்டுப்பாடு நேராது என்பதே அக்கொள்கை. அதற்கு மாறாக, அரசினர் கொடுக்கும் கூலியினும் குறைவாக எவரும் கொடுக்கலாகாத நிலையை உண்டாக்க வேண்டும் என்பது மற்றொரு கொள்கை. முன்னது சந்தையைத் தீண்டாமல் அதன் ஓரத்தில் நிற்பது; பின்னது சந்தையின் அடித்தளத்தையே உயர்த்துவது. வேலை உறுதியைப் பற்றிய வழக்குகள் பெரும்பாலும் இவ்விரண்டனுள் எதனை வேண்டுகின்றோம் என்பதிலேயே வந்து முடிகின்றன. மகாராட்டிர மாநிலம் 1970களின் தொடக்கத்து வறட்சிக்குப் பின் வேலை உறுதித் திட்டத்தை வகுத்து, 1977இல் அதனைச் சட்டமாக்கியபோது, நாடு இரண்டாவது கொள்கையை நோக்கி முதலடி எடுத்து வைத்தது எனலாம்.

ஈண்டு வேறொரு செய்தியையும் இடைப்புகுத்திக் கூறுதல் வேண்டும். நாட்டுப்புறத்தில் உழைப்போர் மிகையாக உள்ளனர், அவருட் சிலரை எடுத்துவிட்டாலும் விளைச்சல் குறையாது என்னும் கருத்தை 1954இல் ஆர்தர் லூயிஸ் என்னும் பேரறிஞர் தம் கொள்கையின் அடிப்படையாகக் கொண்டார். அதனை மறுத்தவர் தியடோர் ஷுல்ட்ஸ். 1918ஆம் ஆண்டு இந்தியாவில் பரவிய விஷக் காய்ச்சலால் உழைப்போர் தொகை ஏறத்தாழ 8 விழுக்காடு குறைந்தது எனவும், அதனால் பயிரிட்ட நிலப்பரப்பும் குறைந்தது எனவும் கணக்கிட்டு, மிகையான உழைப்பு இருந்திருப்பின் நிலப்பரப்புக் குறைந்திராது என 1964இல் வாதிட்டார். அமர்த்தியா சென் 1967இல் இதற்கு மறுப்பெழுதினார். நோய் ஊரெங்கும் சமமாகப் பரவி ஆட்களைக் கொண்டு போவதில்லை. ஒரு குடும்பத்தில் நால்வரைக் கொன்று மற்றொரு குடும்பத்தைத் தீண்டாமல் விடும். இறந்தோர் நிலத்தை எஞ்சியோர் உடனே எடுத்து உழுதுவிடவும் இயலாது என்பது அவர் கருத்துகளுள் ஒன்று. சாவுக் கணக்கைக் கொண்டு இரு பேரறிஞர் வாதிடுதலைப் படிக்குங்கால் உள்ளம் ஒருவாறு கூசுகின்றது. எனினும், இருவருக்குமே பின்னாளில் நோபெல் பரிசு கிடைத்தது என்பதைக் காணுமிடத்து, ஊரில் ஆள் மிகையா குறைவா என்னும் எம் திண்ணை வழக்கு அற்ப வழக்கன்று என அறிந்து தேறினேன்.

நிற்க. 2005ஆம் ஆண்டு நாடாளுமன்றம் இயற்றிய தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டத்திற்கு வருவோம். 2006 பிப்ரவரி 2ஆம் நாள் இந்தியாவின் 200 மாவட்டங்களில் அது முதன்முதல் நடைமுறைக்கு வந்தது. அவற்றுள் தமிழ்நாட்டுக்குரியவை ஆறு. திண்டுக்கல் அவ்வாறனுள் ஒன்று. ஆகவே இச்சட்டத்தின் பயனையும் குறையையும் முதலில் அறிந்தோருள் நம் மாவட்டத்தாரும் உளர். ஊரகக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஆண்டில் 100 நாள் உடலுழைப்பு வேலை. கேட்ட 15 நாட்களுக்குள் வேலை தரப்படாவிடின் வேலையின்மைப் படி. வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் வேலையிடம், அதற்கு அப்பாலாயின் பத்து விழுக்காடு மிகைக் கூலி. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தமிழ்நாட்டில் இத்திட்டத்தின் தொடக்கக் கூலி நாளொன்றுக்கு 80 ரூபாய்; 2020–21இல் 256 ரூபாய்; 2024–25இல் 319; 2025–26இல் 336. முழுக் கூலியும் எப்போதும் கைக்கு வந்துவிடாது, வெட்டிய மண்ணின் அளவைப் பொறுத்தே வரும். இம்மாநிலத்தில் இவ்வேலைக்குச் செல்வோருள் ஐந்தில் நால்வர்க்கு மேற்பட்டோர் பெண்டிர் ஆவர்.

அத்தையார் பணிபுரிந்த குளத்துக்கு யான் ஒரு முறை சென்றதுண்டு. வரத்து வாய்க்காலில் மண்டிய சீமைக் கருவேலை வெட்டிக்கொண்டிருந்தனர். வேலை மும்முரமாக நடந்தது எனக் கூறின் பொய்யாகும். மரநிழலில் அமர்ந்திருந்தோரும் உளர். அவருட் பலர் அறுபதைக் கடந்த மூதாட்டியர். அவரை எந்த நிலமுடையாரும் களையெடுப்புக்குக் கூப்பிடார். சோம்பல் எனச் சிலர் சுட்டுவதில் ஒரு பாதி முதுமையே என எனக்குத் தோன்றிற்று. மற்றைப் பாதியை யான் மறைக்கவில்லை.

இத்திட்டம் தனியார் கூலியை உயர்த்தியதா? கிளெமான் இம்பேர், ஜான் பாப் என்னும் இருவர் 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சி, திட்டத்தை நன்கு நடத்திய மாநிலங்களில், உழவுவேலை குறைந்த வறண்ட மாதங்களில், தனியார் கூலி ஏறத்தாழ 5 விழுக்காடு உயர்ந்ததெனக் கண்டது. அம்மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. ஆனால் அரசினர் வேலை பெருகிய அளவுக்குத் தனியார் வேலை நாட்கள் குறைந்தன எனவும் அவர்கள் கண்டனர். பாட்டனார்க்குச் சார்பான சான்று இது. அவர் மகிழ்தற்குள் மற்றொன்றையும் கூறிவிடுகின்றேன். கார்த்திக் முரளிதரனும் அவர் நண்பர் இருவரும் பிரிவினைக்கு முந்தைய ஆந்திர மாநிலத்தில் ஒரு பெருஞ்சோதனையை ஆராய்ந்து, 2023இல் முடிவை வெளியிட்டனர். திட்டக் கூலி காலந்தாழாமலும் இடையில் களவு போகாமலும் கைக்குச் சேர்வதற்கான ஏற்பாடு, குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்த வட்டாரங்களில் முதலில் செய்யப்பட்டது. அவ்வட்டாரங்களில் ஏழைக் குடும்பங்களின் வருவாய் கூடிற்று. வியப்பு யாதெனின், அவ்வுயர்வின் பெரும்பகுதி திட்டக் கூலியிலிருந்து வந்ததன்று. தனியாரிடம் பெற்ற கூலியிலிருந்து வந்தது. கூலி ஏறியும் தனியார் வேலை நாட்கள் குறையாமல், கூடவே செய்தன.

கூலி ஏறினால் வேலை குறையும் என்னும் பாலபாடம் இங்கே பொய்த்தது ஏன்? அமர்த்துவோர் பலராய்த் தம்முள் போட்டியிடும் சந்தைக்கே அப்பாடம் பொருந்தும். ஊரில் நிலமுடையார் சிலரேயாயின், ஒவ்வொருவரும் கூலியைத் தாழ்த்தி வைத்து, அக்கூலிக்கு வருவோரை மட்டும் அமர்த்துவர். இன்னும் இருவரை அமர்த்த விரும்பினும், அவர்க்காகக் கூலியை உயர்த்தினால் எல்லார்க்கும் உயர்த்த வேண்டுமே என்று அஞ்சி விட்டுவிடுவர். வேறோரிடத்தில் நல்ல கூலி கிடைக்கும் என்னும் நிலை வந்தவுடன் அத்தாழ்த்தல் செல்லாது, கூலி ஏறும், ஏறிய கூலிக்கு முன்னர் வாராதிருந்தோரும் வருவர். கூலிபெற்ற கையில் காசு புழங்குவதால் ஊர்க் கடைகளிலும் வேலை பெருகும். இம்பேரும் பாப்பும் கண்டது பிழை எனவும் கூறமாட்டேன். எந்த மாதம், எந்த ஊர், அமர்த்துவோர் எத்துணையர் என்பவற்றைப் பொறுத்து முடிவு மாறும் என்பதே எனக்குப் படுவது. மூன்று ஏக்கர் உடைய பாட்டனார் கூலியைத் தாழ்த்தி வைக்கும் வல்லமை படைத்த பெருநிலக்கிழார் அல்லர். மேலேறிய கூலியை அவர் கொடுக்கின்றார். ஆனால் அவர் விளைத்த தக்காளியின் விலையை உறுதி செய்யச் சட்டம் ஒன்றும் இல்லை. அவர் குறையின் மெய்யான இடம் இதுவே. அதனை அவர் களையெடுக்கும் பெண்டிர்மேற் சார்த்திக் கூறுகின்றார்.

பேரிடர்க் காலங்களில் இத்திட்டம் எவ்வாறு நின்றது? 2016 நவம்பர் 8ஆம் நாள் 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. அவ்வாண்டே வடகிழக்குப் பருவமழை பெரிதும் பொய்த்து, 2017 சனவரியில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் அனைத்தும் வறட்சியுற்றனவாக மாநில அரசினர் அறிவித்தனர். நாட்கூலி ரொக்கமாகப் புழங்குவது. தாள் இல்லை, மழையும் இல்லை என்னும்போது அமர்த்துவார் எவ்வாறு வருவர்? ஒரே பருவத்தில் விழுந்த ஈரடி அது. பின்னர் 2020 மார்ச்சு 25 முதல் நாடு முழுதும் ஊரடங்கு. திருப்பூரிலும் சென்னையிலும் வேலைபார்த்தோர் ஊர் திரும்பினர். 1918இல் ஆளைக் குறைத்தது நோய். 2020இலோ நோயின் அச்சம் ஊரில் ஆளைப் பெருக்கிற்று. அவ்வாண்டு மே மாதம் நடுவணரசினர் இத்திட்டத்திற்கு 40,000 கோடி ரூபாய் மிகையாக ஒதுக்கினர். முந்தைய ஆண்டு ஏறத்தாழ ஐந்தரைக் கோடிக் குடும்பங்கள் இவ்வேலை பெற்றிருக்க, 2020–21இல் அத்தொகை ஏறத்தாழ ஏழரைக் கோடியாயிற்று. கேட்போர் பெருகப் பெருகத் தானும் பெருகவல்ல திட்டமாக அது அமைந்திருந்தமையே இதற்குக் காரணம். ஒதுக்கீடு முன்கூட்டி முடிவு செய்யப்பட்டு, அதற்குமேல் ஒரு காசும் இல்லை எனக் கட்டியிருந்தால் அது நிகழ்ந்திராது.

இனி வடமதுரை, வேடசந்தூர்ப் பகுதியின் மற்றொரு கூலிச்சந்தையாகிய நூற்பாலைகளைப் பற்றிச் சில கூறுவேன். பருத்தி விலை ஏறினால் ஆலைகள் கூலி விகிதத்தைக் குறைப்பதில்லை, ஓட்டத்தைக் குறைக்கின்றன. 2022 மே மாதத்தில் 356 கிலோ கொண்ட ஒரு கண்டிப் பஞ்சின் விலை ஒரு லட்ச ரூபாயைத் தாண்டியபோது பல ஆலைகள் உற்பத்தியைச் சுருக்கின. 2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள்மேல் விதித்த வரி 50 விழுக்காடாக உயர்ந்தபோது, அதன் அடி திருப்பூர் வழியாக நூல் நூற்கும் ஊர்களையும் எட்டிற்று. இங்கும் உழைப்பின் தேவை வழித்தேவையே. கடல் கடந்த நாட்டில் எவரோ சட்டை வாங்காமற்போனால், வடமதுரைச் சாலையில் ஆலை வண்டி ஒருநாள் வாராமற்போகும்.

ஆலைகளில் இளம்பெண்களை விடுதியில் இருத்தி, மூன்றாண்டு முடிவில் திருமணச் செலவுக்கென மொத்தத் தொகை தருவதாகக் கூறி அமர்த்தும் முறை ஒன்று பல ஆண்டுகள் வழங்கிற்று. அதனைச் சுமங்கலித் திட்டம் என்பர். கூலியின் ஒரு பகுதியை இறுதிவரை பிடித்து வைத்தல், இடையே விட்டுச் செல்லும் உரிமையைப் பிடித்து வைத்தலேயாம். விட்டுச் செல்ல இயலாதவர் கூலி பேசவும் இயலாதவர். 2022 ஏப்ரலில் நம் மாவட்டத்து ஆயத்த ஆடை ஆலையொன்றைக் குறித்து, பெண் தொழிலாளர் முன்னின்று நடத்தும் தமிழ்நாட்டுத் தொழிற்சங்கம் ஒன்றும், ஆலையுடையாரும், சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனமும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, திண்டுக்கல் உடன்படிக்கை என உலகெங்கும் பெயர் பெற்றது. ஆலையில் பெண்டிர்க்கு இழைக்கப்படும் கொடுமைகளைத் தடுத்தல் அதன் நோக்கம். கூலியைப் பற்றிய கட்டுரையில் இது எதற்கு என வினவுவார் உளராயின், அச்சமின்றி வேலைசெய்யும் நிலையும் கூலியின் பகுதியே என விடை கூறுவேன்.

2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டுச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்டிர் கட்டணமின்றிச் செல்கின்றனர். இதனை வேலைவாய்ப்புத் திட்டம் என எவரும் அழைப்பதில்லை. ஆயினும் நாட்கூலியில் ஒரு பங்கு பேருந்துக்கே போகும் என்பதால் ஊரெல்லையைத் தாண்டாதிருந்தவர், கட்டணம் நீங்கியபின் திண்டுக்கல் வரை சென்று வேலை கேட்கலாம். அமர்த்துவோர் ஒருவரேயாயிருந்த இடத்தில் பலராயினர். மேலே கூறிய தாழ்த்திய கூலி நோய்க்கு இது சத்தமின்றிச் செய்யப்பட்ட மருந்து என யான் கருதுகின்றேன். எம் தெருவில் இருவர் இவ்வாறே பூட்டுக் கடையொன்றிலும் துணிக்கடையொன்றிலும் வேலைக்கு அமர்ந்தனர்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 2005ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. 100 நாள் என்பது 125 நாள் என உயர்ந்தது. முன்னர் உடலுழைப்புக் கூலி முழுவதையும் நடுவணரசினரே ஏற்றனர். புதிய சட்டம் தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டை ஏற்குமாறு வகுத்தது. மாநிலத்துக்கு உரிய ஒதுக்கீட்டு அளவையும் நடுவணரசினர் வரையறுப்பர். அதனை மிஞ்சிய செலவு மாநிலத்தின் பொறுப்பு. 2020இல் நிகழ்ந்தது போன்றதோர் இடர் மீண்டும் வருமாயின், கேட்போர் பெருகும் அவ்வாண்டிலேயே மாநில வருவாயும் சுருங்குமே என்பது எனக்குள்ள ஐயம்.

எம் திண்ணை வழக்கைத் தொடும் பிரிவு வேறொன்று. விதைப்பு, அறுவடைக் காலங்களில் உழவர்க்கு ஆள் தட்டுப்பாடு நேராவண்ணம், ஆண்டில் மொத்தம் 60 நாட்கள் இவ்வேலை நடைபெறாதென மாநில அரசினர் முன்கூட்டியே அறிவிக்கலாம் என்பது அது. இடத்துக்கு இடம் வெவ்வேறு காலத்தை அறிவிக்கவும் இடமுண்டு. பாட்டனார் இதனைச் செய்தித்தாளில் படித்துக் காட்டி, தம் வழக்கு வென்றது என்றார். இங்கேதான் நுணுகி நோக்க வேண்டியுளது. பெரும்பயிர் வேலைகளின்போது தனியார் கூலி தானே மேலேறி நிற்கும். நல்ல கூலி கிடைக்குமாயின் எவரும் குளத்து வேலையில் நில்லார். ஆகவே அத்தடையால் தனியாரிடம் செல்லுமாறு நெருக்கப்படுவோர் இருவகையினரே: அக்கூலியையும் தாழ்வெனக் கருதிச் செல்லாதிருந்தோர், கூப்பிடுவாரே இல்லாத முதியோர். முதல் வகையினரை முன்னிட்டுப் பார்த்தால், தடை டெம்பிளின் கொள்கைக்கு ஒருபடி நெருங்கி வருவதாகும். இரண்டாம் வகையினர் அந்நாட்களில் எங்கும் செல்லார், வீட்டில் இருப்பர்.

எந்த 60 நாள் என்பதும் எளிய வினாவன்று. நம் மாவட்டத்தில் கொடைக்கானல் மலையும் உண்டு, பழனியின் நெல்வயலும் உண்டு, நிலக்கோட்டையின் மல்லிகையும் உண்டு. மல்லிகை பறிக்க ஓய்ந்த நாள் ஏது? வடமதுரைக் காட்டு நிலங்களில் ஆடிப்பட்டத்து விதைப்பு, ஆவணிக் களை, ஐப்பசிக் கடலைப் பறிப்பு என வேலை தொடர்கின்றது. கிணற்றுப் பாசனம் உடையவர் கணக்கோ வேறு. இதனை அறிய இருவரையும் தனித்தனியே வினவினேன். ஆவணியும் ஐப்பசியும் அடைக்க வேண்டும் என்றார் பாட்டனார். அத்தையார் சிறிது எண்ணிப் பார்த்து, அவ்விரு மாதங்களில் தாம் ஒருபோதும் குளத்து வேலைக்குச் சென்றதில்லை எனவும், பங்குனியில் சித்திரையில் அடைக்காமல் இருந்தால் போதும் எனவும் கூறினார். கடந்த ஐப்பசியில் கடலை பறித்த கூலியில் இரண்டு நாள் பாக்கி இருப்பதையும் அப்போதே நினைவுபடுத்தினார். பாட்டனார் எழுந்து உள்ளே சென்று பணப்பையை எடுத்து வந்தார்.